வீட்டுக் கணினியும் கம்பியில்லாக் கருவிகளும்: நெல்லை வட்டாரத்து வீடுகளுக்கான கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் வீட்டுக் கணினிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். டவுன், பேட்டை, மேலப்பாளையம், சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வரும் கேள்விகளில் மிகுதியானவை கம்பியில்லாக் கருவிகளைப் பற்றியவைதான். மவுஸ் நகரவில்லை, ஹெட்செட் சேரவில்லை, பிரிண்டர் தெரியவில்லை, வைஃபை வந்து வந்து போகிறது. கேட்பவர்களில் பலர் அதற்குள் புதிதாக ஒன்றை வாங்கி, அதுவும் வேலை செய்யாத நிலையில் வருகிறார்கள். பழுதே இல்லாத கருவிக்காகப் பணம் போவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. அதனால்தான் இந்தப் பதில்களை விரிவாக எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 உள்ள கணினிகளை மனத்தில் வைத்திருக்கிறேன்; செட்டிங்ஸ் பெயர்களைத் திரையில் தெரியும் ஒலிப்பிலேயே தந்திருக்கிறேன்.

கெட்டது மவுஸா, கணினியா? எதிலிருந்து பார்க்கத் தொடங்குவது?

கம்பியில்லா இணைப்புக்கு மூன்று பக்கங்கள் உண்டு. கையில் இருக்கும் கருவி ஒன்று. கணினிக்குள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பகுதி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே உள்ள இடம் மூன்றாவது. பழுது எந்தப் பக்கம் என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கருவியை வேறொரு கணினியிலோ கைபேசியிலோ இணைத்துப் பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் கருவியில் குறையில்லை. பிறகு வேறொரு கருவியை உங்கள் கணினியில் இணைத்துப் பாருங்கள். அதுவும் தடுமாறினால் சந்தேகம் கணினியின் பக்கம் திரும்புகிறது. கருவியைக் கணினிக்கு மிக அருகே, ஒரு முழ தூரத்துக்குள் கொண்டுவந்ததும் எல்லாம் சரியாகிவிட்டால் குற்றம் இடத்தில் இருக்கிறது. என்னிடம் வரும் கேள்விகளுக்கு இந்த மூன்றாவது பக்கத்தில்தான் அடிக்கடி விடை கிடைக்கிறது. ஆனால் அதைப் பெரும்பாலோர் கடைசியாகத்தான் பார்க்கிறார்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பேட்டரி, போர்ட் (கருவியைச் செருகும் துளை), டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டால் எது தீர்த்தது என்று தெரியாது. பழுது திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

தினமும் இரவில் கணினியை அணைத்துத்தான் வைக்கிறேன். பிறகு ஏன் எல்லாரும் 'ரீஸ்டார்ட் செய்' என்கிறார்கள்?

காரணம் இருக்கிறது. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒரு வசதி உண்டு. ஷட் டவுன் கொடுக்கும்போது இயங்குதளத்தின் உள்பகுதியையும் டிரைவர்களின் நிலையையும் அது வட்டில் எழுதி வைத்துக்கொள்கிறது. காலையில் அதையே எடுத்து விரிக்கிறது. நேற்று குழம்பியிருந்த புளூடூத் டிரைவர் இன்றும் அதே குழப்பத்தோடு எழுந்திருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தாலும் முழுமையாக அணையும்.

டாங்கிள் உள்ள மவுஸ் நின்று நின்று நகர்கிறது. பேட்டரி புதிதாகத்தான் போட்டேன்.

டாங்கிள் என்பது மவுஸோடு வரும், யூஎஸ்பி போர்ட்டில் செருகும் சிறு துண்டு. அதை எங்கே செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். நம் வீடுகளில் சிபியூ பெட்டி மேசைக்குக் கீழே, சுவரை ஒட்டி இருக்கும். டாங்கிள் பெட்டியின் பின்புறத்தில் இருக்கும். மவுஸ் மேசைக்கு மேலே இருக்கும். நடுவே இரும்புப் பெட்டி முழுதாக நிற்கிறது. மேசையும் இரும்பாக இருந்தால் தடை இரண்டாகிறது. சில மில்லிவாட் சக்தியில் பேசும் மவுஸ் இத்தனையையும் தாண்டி டாங்கிளை எட்ட வேண்டும். அதே டாங்கிளை முன்பக்க போர்ட்டுக்கு மாற்றியவுடன் பல வீடுகளில் கோளாறு அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

முன்பக்கம் போர்ட் இல்லையென்றால், ஓரடி இரண்டடி நீளமுள்ள யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கம்பி ஒன்று வாங்கி டாங்கிளை மேசை மேல் கொண்டுவந்து வையுங்கள். புது மவுஸின் விலையோடு பார்த்தால் அது மிகச் சிறிய செலவு.

பேட்டரியைப் பற்றியும் ஒரு சொல். திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் பேட்டரி 1.2 வோல்ட் தரும். சாதாரண ஆல்கலைன் பேட்டரி புதிதில் 1.5 வோல்ட் தரும். சில மவுஸ்கள் 1.2 வோல்ட்டைப் பார்த்ததும் பேட்டரி தீர்ந்துவிட்டதாக எடுத்துக்கொள்கின்றன. மலிவான பேட்டரியை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டுவிட்டால் கசிந்து தகட்டை அரித்துவிடும். தகட்டில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

நீல நிற யூஎஸ்பி போர்ட்டில் டாங்கிளைச் செருகக் கூடாது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். நீல நிறம் பெரும்பாலும் யூஎஸ்பி 3.0 போர்ட்டின் அடையாளம். அதில் தகவல் நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பகுதியில் இரைச்சல் கிளம்புகிறது. மவுஸ் டாங்கிள், புளூடூத், பழைய வைஃபை எல்லாம் பேசுவது அதே பகுதியில்தான். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து ஓர் அறிக்கையாக வெளியிட்டது. போர்ட்டைவிடவும், அதில் செருகியிருக்கும் வெளி ஹார்டு டிஸ்க்கும் அதன் கம்பியும் கூடுதலாக இரைச்சல் எழுப்பக்கூடியவை. கல்யாண வீடியோவை ஹார்டு டிஸ்கிலிருந்து நகலெடுக்கும்போது மட்டும் மவுஸ் தடுமாறினால் காரணம் இதுதான். டாங்கிளைக் கறுப்பு போர்ட்டுக்கு, ஹார்டு டிஸ்கிலிருந்து தள்ளி மாற்றுங்கள். லேப்டாப் என்றால் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று பிரித்துச் செருகுங்கள்.

அம்புக்குறி தானாகத் துள்ளுகிறது, சில இடங்களில் நகரவே மறுக்கிறது. எல்லா போர்ட்டும் மாற்றிப் பார்த்துவிட்டேன்.

மேசை மேல் கண்ணாடி போட்டிருக்கிறீர்களா? கண்ணாடிக்கு அடியில் குடும்பப் படங்களும் காலண்டர் படங்களும் வைத்திருக்கும் மேசைகளை நம் ஊரில் நிறையவே பார்க்கிறேன். சாதாரண ஆப்டிகல் மவுஸ் தன் அடியில் உள்ள பரப்பை நொடிக்கு ஆயிரம் முறைக்கும் மேல் படம்பிடித்து, அதன் சொரசொரப்பு நகர்வதைக் கொண்டே தன் நகர்வை அறிகிறது. தெளிந்த கண்ணாடியில் அதற்குப் பிடிமானம் எதுவும் கிடைக்காது. ஒரு தாளையோ மங்கிய நிறத் துணியையோ விரித்துப் பாருங்கள். இதற்கும் கம்பியில்லா இணைப்புக்கும் தொடர்பே இல்லை. இதற்காக டிரைவரைத் தேடி இணையத்தில் அலைய வேண்டாம்.

டாங்கிள் தொலைந்துவிட்டது. வேறு டாங்கிள் போட்டால் ஓடுமா?

பெரும்பாலும் ஓடாது. ஒவ்வொரு மவுஸும் தன்னோடு வந்த டாங்கிளோடு தொழிற்சாலையிலேயே இணைக்கப்பட்டது. விதிவிலக்கும் உண்டு. லாஜிடெக்கின் 'யூனிஃபையிங்' வகை டாங்கிளைத் தனியாக வாங்கலாம். ஒரே டாங்கிளில் 6 கருவிகள் வரை சேர்க்கலாம். மவுஸின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் சூரியன் போன்ற சின்னம் இருந்தால் அது அந்த வகை. மவுஸின் அடியிலோ பேட்டரி அறையிலோ டாங்கிள் வைக்க ஒரு சிறு பள்ளம் இருக்கும். தொலைந்ததாக நினைத்தது அங்கேயே இருக்கக்கூடும்.

புது புளூடூத் கீபோர்டு வாங்கினேன். கணினி அதைக் காட்டவே இல்லை.

முதலில் உங்கள் கணினியில் புளூடூத் இருக்கிறதா? லேப்டாப்பில் இருக்கும். உள்ளூரில் பொருத்தி வாங்கிய டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் இருக்காது. டிவைஸ் மேனேஜரை (விண்டோஸ் பொத்தானோடு எக்ஸ் அழுத்தினால் வரும் பட்டியலில் இருக்கும்) திறந்தால் 'புளூடூத்' என்று ஒரு வரி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சிறிய புளூடூத் டாங்கிள் ஒன்று வாங்கிச் செருக வேண்டும். அதையும் முன்பக்கத்திலேயே செருகுங்கள்.

இருந்தும் காட்டவில்லையென்றால், கீபோர்டு இணைப்புத் தேடும் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆன் செய்தால் மட்டும் போதாது. இணைப்புப் பொத்தானை விளக்கு வேகமாக மின்னும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். விண்டோஸ் 11இல் இன்னொரு சிக்கல் உண்டு. செட்டிங்ஸில் புளூடூத் பகுதியில் 'டிவைசஸ்' பக்கத்தின் கீழே 'புளூடூத் டிவைசஸ் டிஸ்கவரி' என்று ஒன்று இருக்கிறது. அது 'டிஃபால்ட்' என்றிருந்தால் வழக்கமான கருவிகளை மட்டும் காட்டும். 'அட்வான்ஸ்டு' என்று மாற்றினால் சுற்றியுள்ள எல்லாவற்றையும் காட்டும்.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு: புதிய மவுஸ், கீபோர்டுகளில் பல 'புளூடூத் லோ எனர்ஜி' முறையில் பேசுகின்றன. விண்டோஸ் 7 தானாக அந்த முறையை அறியாது. அதற்கு டாங்கிள் உள்ள கீபோர்டே ஏற்றது. மேலும் விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது; அதில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

நேற்றுவரை இருந்த புளூடூத் பொத்தான் இன்று செட்டிங்ஸிலேயே இல்லை!

பதற வேண்டாம், இது நான் அடிக்கடி பார்ப்பது. வைஃபையும் புளூடூத்தும் ஒரே சிறிய அட்டையில் இருக்கும் லேப்டாப்களில் அந்த அட்டை சில சமயம் உறைந்துபோகிறது. ரீஸ்டார்ட்டுக்கும் அசையாது; அதற்குப் போகும் மின்சாரம் முழுவதுமாக நிற்க வேண்டும். கணினியை முழுமையாக அணைத்து, சார்ஜரையும் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரைச் செருகித் திறந்தால் பொத்தான் திரும்பியிருக்கக்கூடும். டெஸ்க்டாப் என்றால் சுவரில் ஸ்விட்சை அணைத்துவிட்டு அதேபோல் அழுத்துங்கள்.

அதற்கும் வரவில்லையென்றால் டிவைஸ் மேனேஜரில் 'வியூ' பட்டியலில் 'ஷோ ஹிட்டன் டிவைசஸ்' கொடுத்துப் பாருங்கள். மங்கலாகத் தெரிந்தால், விண்டோஸுக்கு அட்டையின் நினைவு இருக்கிறது, அட்டை பதில் சொல்லவில்லை என்று பொருள். கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கு உரிய டிரைவரை எடுத்து நிறுவுங்கள். 'எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பிப்போம்' என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களைத் தொடாதீர்கள். அவற்றால் கெட்டுப்போன கணினிகளைப் பார்த்திருக்கிறேன்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் இணைப்பு அறுந்துவிடுகிறது.

மின்சாரம் மிச்சப்படுத்த விண்டோஸ் அந்த அட்டையைத் தூங்க வைக்கிறது. டிவைஸ் மேனேஜரில் உங்கள் புளூடூத் அல்லது வைஃபை அட்டையின் 'ப்ராபர்ட்டீஸ்' திறந்து, 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கத்தில் கணினி அதை அணைக்கலாம் என்று அனுமதிக்கும் கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். 'யூஎஸ்பி ரூட் ஹப்' வரிகளிலும் இதையே செய்யுங்கள்.

ஹெட்செட் கைபேசியோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. கணினியோடு சேர்ந்தாலும், ஆன்லைன் வகுப்பில் ஒலி கரகரக்கிறது.

முதல் பாதிக்குக் காரணம், ஹெட்செட் கடைசியாகப் பழகிய கருவியைத் தேடிப் போவது. கைபேசியின் புளூடூத்தை அணைத்துவிட்டுக் கணினியோடு சேருங்கள். அப்படியும் சேரவில்லையென்றால் இரண்டு பக்கமும் பழைய நினைவை அழிக்க வேண்டும்: கணினியில் 'ரிமூவ் டிவைஸ்' கொடுங்கள், ஹெட்செட்டின் கையேட்டில் சொல்லியபடி பொத்தானை அழுத்தி அதையும் ரீசெட் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் மறுபக்கம் பழைய சாவியோடு வந்து நிற்கும்; இணைப்பு ஏற்கப்படாது.

இரண்டாவது பாதி பலரையும் வாட்டுகிறது. போட்டித் தேர்வுக்கு வீட்டிலிருந்தே ஆன்லைனில் படிக்கும் பிள்ளைகள், ஹெட்செட்டில் பாட்டுக் கேட்கும்போது தெளிவாக இருக்கிறது, வகுப்பு தொடங்கியதும் கெட்டுவிடுகிறது என்று சொல்வார்கள். ஹெட்செட் பழுதில்லை. வழக்கமான புளூடூத்தில் பாட்டு கேட்க ஒரு முறை, பேச இன்னொரு முறை. மைக் திறந்தவுடன் இரண்டாவது முறைக்கு மாறுகிறது. அதில் ஒலியின் தரம் தொலைபேசி அளவுக்கு இறங்கிவிடும். வழி எளிது: வகுப்பு மென்பொருளின் ஒலி அமைப்பில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள், ஒலிக்கு மட்டும் ஹெட்செட்டை வையுங்கள். ஒலி மறுபடி தெளிந்துவிடும். விண்டோஸ் 10இல் ஒரே ஹெட்செட் 'ஸ்டீரியோ', 'ஹேண்ட்ஸ்-ஃப்ரீ' என்று இரண்டு பெயரில் தெரியும். 'ஸ்டீரியோ' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எங்களுடையது பழைய வீடு. முன்பக்கத் தார்சாவில் வைஃபை நன்றாக வருகிறது. இரண்டாம் கட்டில் இருக்கும் கணினிக்கு வரவே மாட்டேன் என்கிறது.

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் கடமைப்பட்டிருக்கிறேன். இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை மெல்லிய தடுப்புகளால் ஆன வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. டவுனிலும் கல்லிடைக்குறிச்சியிலும் அம்பாசமுத்திரத்திலும் உள்ள பழைய வீடுகள் அப்படியானவை அல்ல. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த தடித்த சுவர்கள். தார்சா, பட்டாசல் என்னும் கூடம், அரங்கு, இரண்டாம் கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு போகும் அமைப்பு. வெயிலைத் தடுக்க எழுப்பிய அதே சுவர் அலையையும் தடுக்கிறது. ஒவ்வொரு சுவரைத் தாண்டும்போதும் அலை தேய்கிறது. வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸ் இன்னும் வேகமாகத் தேயும். மழைக்காலத்தில் சுவர் ஈரம் குடித்திருந்தால் நிலைமை மேலும் மோசமாகும், ஏனெனில் நீர் இந்த அலைகளை உறிஞ்சக்கூடியது.

ஆனால் அந்த வீடுகளைக் கட்டியவர்கள் நமக்கு ஒரு வழியையும் விட்டுப்போயிருக்கிறார்கள். பல வீடுகளில் வாசற்கதவிலிருந்து புறவாசல்வரை கதவு நிலைகள் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். தெருவில் நின்றால் பின்கட்டு வெளிச்சம் தெரியும். அந்தக் கோட்டில்தான் ரவுட்டர் (வைஃபை அலையைப் பரப்பும் பெட்டி) இருக்க வேண்டும். கேபிள் இழுத்தவர் தம் வசதிக்காக வாசல் மூலையில், டிவிக்குப் பின்னால் மாட்டிவிட்டுப் போயிருப்பார். அதைப் பட்டாசலுக்குக் கொண்டுவந்து, கதவுகளின் நேரே, ஆள் உயரத்துக்கு மேல் மாட்டச் சொல்லுங்கள். கம்பி கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். கேட்டால் செய்துதருவார்கள், கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

இரும்பு பீரோவைப் பாருங்கள். ரவுட்டரை பீரோவின் மேலேயோ பின்னாலேயோ வைப்பது அலைக்குக் கதவடைப்பது. ஆளுயரக் கண்ணாடியும் அப்படியே, அதன் பின்பூச்சு உலோகம். தண்ணீர்த் தொட்டியும் தடைதான்.

ரவுட்டரை நகர்த்தியபின் கைபேசியில் வைஃபை அளக்கும் செயலி ஒன்றை வைத்துக்கொண்டு கணினி இருக்கும் இடத்தில் நின்று பாருங்கள். கழித்தல் குறியோடு ஓர் எண் காட்டும். −50 என்றால் மிக நன்று. −67 வரை வீடியோ அழைப்புக்குத் தாங்கும். −80ஐத் தாண்டினால் இணைப்பு நிலைக்காது.

அப்போதும் போதவில்லையென்றால், அலையை வாங்கித் திருப்பிப் பரப்பும் ரிப்பீட்டர் வாங்குவார்கள்; அதை அலை வராத அறையிலேயே மாட்டிவிடுவார்கள். வராத அலையை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? அலை இன்னும் நல்ல நிலையில் இருக்கும் நடுப்பகுதியில் அது இருக்க வேண்டும்.

என் தீர்மானமான கருத்தைக் கேட்டால்: இடம் மாறாத டெஸ்க்டாப்புக்கு, ரவுட்டரிலிருந்து நேரே கணினிக்குப் போகும் லேன் கம்பியே மேல். ஒரே இழுப்பில் 100 மீட்டர் வரை அது குறையில்லாமல் வேலை செய்யும். நம் எந்த வீடும் அவ்வளவு நீளமில்லை. நிலைக்கு மேலே ஓரமாக ஒரு கம்பியை இழுத்துவிட்டால் அதோடு தீர்ந்தது. வைஃபையைக் கைபேசிகளுக்கு விட்டுவிடுங்கள்.

ரத வீதிப் பக்கம் வளவு வீடு. சுவர்களில் குறையில்லை, அலை முழுதாகக் காட்டுகிறது, ஆனாலும் மாலையில் இழுக்கிறது.

வைஃபை பட்டியலில் எத்தனை பெயர்கள் தெரிகின்றன என்று பாருங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வளவுகளில் இருபது முப்பது பெயர்கள் தெரியும். 2.4 கிகாஹெர்ட்ஸில் நம் நாட்டில் 13 சேனல்கள் (அலைப்பாதைகள்) இருந்தாலும், ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என்று மூன்றுதான். ஆனித் தேரோட்டத்தன்று வாகையடி முக்கில் நிற்பதுபோல் எல்லா வீட்டு ரவுட்டரும் அந்த மூன்றில் நெருக்கியடிக்கின்றன. நடுவே 3, 4 என்று தேர்ந்தெடுத்தால் இரண்டு பக்கத்தோடும் மோத நேரும். ஆகவே 1, 6, 11இல் கூட்டம் குறைந்ததை எடுங்கள். கருவி இடம் கொடுத்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிடுங்கள்.

அப்படி மாறுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. புளூடூத்தும் 2.4 பகுதியில்தான் இருக்கிறது. அது 79 சேனல்களுக்குள் நொடிக்கு 1600 முறை தாவித் தாவிப் பேசும். வைஃபை அங்கிருந்து விலகினால் அதற்குத் தாவ இடம் கிடைக்கும். பதிவிறக்கம் ஓடும்போது புளூடூத் மவுஸ் தடுமாறுகிறது என்பவர்களுக்கு இதுவே மருந்து.

கைபேசியில் தெரியும் வைஃபை பெயர் கணினியில் தெரியவில்லை.

கணினியில் இருக்கும் அட்டை 2.4 மட்டும் அறிந்த பழைய வகையாக இருக்கும். 150 எம்பிபிஎஸ் என்று விற்கும் மிகச் சிறிய டாங்கிள்கள் இந்த வகைதான். ரவுட்டரில் 2.4 அணைந்திருந்தால் திறக்கச் சொல்லுங்கள். கைபேசி ஹாட்ஸ்பாட் தெரியவில்லையென்றாலும் இதே காரணம்; ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4க்கு மாற்றுங்கள். பெயர் தெரிந்தும் சரியான கடவுச்சொல்லை ஏற்கவில்லையென்றால், ரவுட்டர் டபிள்யூபிஏ3 பாதுகாப்பில் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய அட்டைக்கு டபிள்யூபிஏ2வும் சேர்ந்த நிலை வேண்டும்.

வைஃபை இணைந்துவிட்டது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை.

திரையின் வலப்பக்கக் கீழ் மூலையில் தேதி சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பின் மதர்போர்டில் (உள்ளிருக்கும் முதன்மைப் பலகையில்) சிஆர்2032 என்ற காசு போன்ற 3 வோல்ட் பேட்டரி உண்டு. அது தீர்ந்துபோனால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். தேதி தவறினால் பாதுகாப்பான தளங்கள் தங்கள் சான்றிதழ் செல்லாது என்று சொல்லித் திறக்க மறுக்கும். வைஃபையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம். தீர்வோ வாட்ச் கடையில் கிடைக்கும் ஒரு சிறு பேட்டரி.

தேதி சரியென்றால் வைஃபை விவரத்தில் ஐபி முகவரியை (ரவுட்டர் கணினிக்குத் தரும் எண்ணை) பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் கணினிக்கு முகவரி கொடுக்கவில்லை என்று பொருள். ரவுட்டரை அணைத்துத் திறந்து, கணினியில் அந்த வைஃபையை 'ஃபர்கெட்' கொடுத்து மறுபடி சேருங்கள். முகவரியும் சரியாக இருந்தால் ரவுட்டரைப் பாருங்கள். 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் வெளியே ஃபைபர் அறுந்திருக்கும். வீட்டுக்குள் என்ன செய்தாலும் பயனில்லை. ஆனி, ஆடிக் காற்றில் கம்பத்துக்குக் கம்பம் இழுத்த கம்பிகள் மரக்கிளையில் சிக்கி அறுவது இங்கே சாதாரணம். இணைப்புத் தந்தவரைக் கூப்பிடுங்கள்.

கரண்ட் போனால் கணினி யூபிஎஸ்ஸில் ஓடுகிறது, வைஃபை போய்விடுகிறது. இடி மின்னலின்போது என்ன செய்வது?

கணினிக்கு யூபிஎஸ் வாங்கியவர்கள் ரவுட்டரை மறந்துவிடுகிறார்கள். ரவுட்டர்களில் பெரும்பாலானவை 12 வோல்ட்டில் ஓடுபவை. அவற்றுக்கென்றே சிறிய யூபிஎஸ் கிடைக்கிறது. ரவுட்டரின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையிலும் கோடை மழையிலும் இடி வலுத்தால் ரவுட்டரையும் கணினியையும் பிளக்கிலிருந்தே கழற்றுங்கள். ஸ்விட்சை அணைப்பது போதாது. ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் மின்சாரத்தைக் கடத்தாது என்று சிலர் துணிந்து விட்டுவிடுகிறார்கள். அடாப்டர் வழியாக வரும் மின்னழுத்தம் ரவுட்டரையும், அங்கிருந்து லேன் கம்பியின் செம்பு வழியாக மதர்போர்டையும் சேர்த்து எரித்துவிடும். லேன் கம்பியையும் கழற்றிவிடுங்கள்.

வள்ளியூர்ப் பக்கம் இருக்கிறோம். சுற்றிலும் காற்றாலைகள். அதனால் வைஃபை கெடுகிறதா?

இல்லை. வீட்டுக்குள் சில மீட்டர் தூரம் போகும் அலையைத் தொலைவில் சுழலும் இறக்கை ஒன்றும் செய்வதில்லை. காரணத்தை வீட்டுக்குள்ளேயே தேடுங்கள். மைக்ரோவேவ் அடுப்பு இருந்தால் அது ஓடும் நேரத்தில் கவனியுங்கள். அது 2450 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்வது, வைஃபையின் அதே பகுதி.

வைஃபை பிரிண்டர் வாரம் ஒருமுறை 'ஆஃப்லைன்' ஆகிவிடுகிறது.

ரவுட்டர் அணைந்து எழும்போது பிரிண்டருக்குப் புதிய முகவரியைக் கொடுத்துவிடுகிறது. கணினியோ பழைய முகவரிக்கே தாளை அனுப்பிக்கொண்டிருக்கிறது. ரவுட்டரில் பிரிண்டருக்கு நிரந்தர முகவரி ஒதுக்கிவிட்டால் இது நிற்கும். 'டிஎச்சிபி ரிசர்வேஷன்' என்று தேடுங்கள், அல்லது இணைப்புத் தந்தவரிடம் கேளுங்கள்.

முதல்முறை சேர்க்கும்போதே தெரியவில்லையென்றால் இரண்டைப் பாருங்கள். வீட்டுப் பிரிண்டர்கள் பலவும் 2.4 மட்டும் அறிந்தவை. கணினி 'கெஸ்ட்' வைஃபையில் இருந்தாலோ, விண்டோஸில் உங்கள் வீட்டு இணைப்பு 'பப்ளிக்' என்று குறிக்கப்பட்டிருந்தாலோ பிரிண்டர் கண்ணில் படாது. 'பிரைவேட்' என்று மாற்றுங்கள்.

மவுஸே ஓடவில்லை. நீங்கள் சொல்லும் செட்டிங்ஸை எல்லாம் எப்படித் திறப்பது?

விண்டோஸ் பொத்தானோடு ஐ எழுத்தை அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். விண்டோஸோடு எக்ஸ் அழுத்தினால் வரும் பட்டியலில் டிவைஸ் மேனேஜர் இருக்கும். டேப், அம்புக்குறிகள், என்டர் போதும். இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், நம் லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எண் பொத்தான்களே மவுஸாக வேலை செய்யும். கீபோர்டு போய் மவுஸ் மட்டும் இருந்தால் ஸ்டார்ட் பட்டியலின் 'ஆக்சசிபிலிட்டி' பகுதியில் (விண்டோஸ் 10இல் 'ஈஸ் ஆஃப் ஆக்சஸ்') திரைக் கீபோர்டு இருக்கிறது.

கம்பி உள்ள மவுஸ் ஒன்றும் கீபோர்டு ஒன்றும் வீட்டில் எடுத்து வையுங்கள். பழையவையானாலும் போதும். புளூடூத் கீபோர்டு விண்டோஸ் எழுந்த பிறகுதான் பேசத் தொடங்கும். அதற்கு முன் பயாஸில் (விண்டோஸுக்கு முன் திறக்கும் அடிப்படை அமைப்பில்) ஏதேனும் மாற்ற வேண்டுமென்றால் பெரும்பாலான கணினிகளில் கம்பியோ டாங்கிளோ உள்ள கீபோர்டுதான் உதவும்.

கடையில் கொடுத்தேன். 'ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடும்' என்கிறார்கள். அடிக்கலாமா?

வேண்டாம். வைஃபை, புளூடூத் பிரச்சினைக்காக யாரும் கணினியை ஃபார்மட் செய்ய, அதாவது வட்டில் உள்ளதை அழிக்க, விடாதீர்கள். பிள்ளைகளின் படங்கள், இறந்துபோனவர்களின் குரல் பதிவுகள், பத்திரங்களின் ஸ்கேன் எல்லாம் ஒரு மவுஸுக்காக அழிந்துபோன வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். பழுது அட்டையில் இருந்தால் ஃபார்மட்டுக்குப் பிறகும் அது அங்கேயேதான் இருக்கும்.

சோதிக்கும் வழி எளிது. வேறொரு யூஎஸ்பி வைஃபை அல்லது புளூடூத் டாங்கிளை இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள். அது ஓடினால் உள்ளே இருக்கும் அட்டைதான் போயிருக்கிறது. அட்டையை மட்டும் மாற்றலாம், அல்லது அந்த டாங்கிளையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். உள் அட்டையை டிவைஸ் மேனேஜரில் 'டிஸேபிள்' கொடுத்துவிடுங்கள், இரண்டு புளூடூத் ஒரே கணினியில் சண்டையிடும். டெஸ்க்டாப்பில் வைஃபை அட்டை இருந்தால் பின்னால் ஆன்டெனாக்கள் திருகப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். புளூடூத்துக்கும் அவைதான் ஆன்டெனா. பெட்டியிலேயே விட்டுவிட்டு, அலை வரவில்லை என்பவர்கள் பலர்.

கடைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால், முதலில் உங்கள் கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கருவி, எந்த நேரத்தில், எவ்வளவு தூரத்தில் அறுகிறது, நீங்கள் என்னென்ன மாற்றிப் பார்த்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, கணினியோடு சேர்த்துக் கொடுங்கள். டாங்கிளையும் மறக்காமல் கொண்டுபோங்கள். அது இல்லாமல் வரும் மவுஸை எங்களால் சோதிக்க முடியாது.